மேடை ஏறினால் வாழ்த்துப் பாட்டுக்கு நிற்கணுமா?

மேடைக்கு வரும் பாடகர்களும் நாட்டியக்காரர்களும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் தேசிய கீதத்துக்கும் கட்டுப்பட்டுத்தான் ஆகணுமா என்று எங்கள் மகளிர் குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. என் கட்சி இதுதான். எழுந்து நிற்க வேண்டும். பாட ஒப்புக்கொண்டால் முழுசாகப் பாட வேண்டும். ஆனால் வாயைத் திறந்து பாடியே தீரணும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

2024 அக்டோபர் 18-ந் தேதி சென்னை தூர்தர்ஷனில் இந்தி மாத விழா. கவர்னர் ஆர்.என்.ரவி வந்திருந்தார். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியவர்கள் 'திராவிட' என்ற சொல் வரும் வரியை விட்டு விட்டார்கள். ஊரெல்லாம் கொந்தளிப்பு. கவனம் சிதறியதால் நேர்ந்து விட்டது, வேண்டுமென்று செய்யவில்லை என்று தூர்தர்ஷன் மன்னிப்புக் கேட்டது. இருக்கலாம். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கல்யாண வீட்டில் நலங்குப் பாட்டில் ஒரு அடி விட்டுப் போனாலே பக்கத்தில் இருக்கும் பாட்டி எடுத்துக் கொடுத்து விடுவாள். மைக் பிடிக்க வருகிறவர்கள் ஒரு நிமிஷப் பாட்டை ஒத்திகை பார்க்க வேண்டாமா?

"மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-ல் எழுதினதில் சில வரிகளை 1970-ல் அரசாங்கமே விட்டுவிட்டுத்தானே எடுத்துக்கிச்சு?" என்று என் நாத்தனார் மடக்கினாள். வாஸ்தவம்தான். ஆனால் அது யோசித்து, ஊரறிய எடுத்த முடிவு. பாட வந்தவர் மேடையிலேயே வெட்டுவதும் அதுவும் ஒன்றா?

நிற்பதைப் பற்றி 2021 டிசம்பரில் ஐகோர்ட் மதுரை கிளை, எழுந்து நிற்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லை என்றது. அதே மாதம் 17-ந் தேதி அரசு இதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடியில் பாட வேண்டும், மாற்றுத் திறனாளிகள் தவிர எல்லோரும் நிற்க வேண்டும் என்று சொல்லி விட்டது. மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்கு எந்தெந்த மாநிலத்திலிருந்தோ ஆட வருகிறார்கள். எழுந்து நிற்பதற்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லையே!

பாடுவது வேறு விஷயம். கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அதுதான் நியாயம். 1990-ல் ஷினேட் ஓ'கானர் என்ற அயர்லாந்துப் பாடகி அமெரிக்காவில் நியூ ஜெர்சியில், கச்சேரிக்கு முன்னால் அந்த நாட்டு கீதத்தை ஒலிபரப்பினால் மேடை ஏற மாட்டேன் என்று சொல்லி விட்டாராம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் பாட வேண்டாம். அடுத்த வீட்டுக்குப் போய், விளக்கேற்றாதே என்று சொல்லலாமா?

அதற்காகக் கலைஞர்களை மிரட்டுவதா? எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோவில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. எடுத்தவுடன் பிள்ளையார் பாட்டு பாடினார்கள். முன்வரிசையில் நாலு பேர் "தமிழ்த்தாய் வாழ்த்து எங்கே?" என்று ஒரே கூச்சல். பாட வந்த பெண்ணுக்கு இருபது வயசுதான் இருக்கும். முகம் வெளிறிப் போச்சு. ஆனாலும் வாத்தியம் எதுவும் இல்லாமல், பேப்பரும் பார்க்காமல் பாடினாள் பாருங்கள், ஒரு எழுத்து பிசகவில்லை! கூச்சல் போட்டவர்களில் இரண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒருத்தர் செல்போனில் படம் பிடித்துக் கொண்டிருந்தார்.

அவர்கள் கேட்டிருக்க வேண்டியது விழாக் கமிட்டியை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே "முதலில் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம், இதுதான் எங்கள் வழக்கம், சம்மதமா?" என்று கேட்டு விட்டால் போச்சு. முடியாது என்பவர்கள் அப்போதே சொல்லட்டும். வேறு குழுவைப் பார்த்துக் கொள்ளலாம். அதை விட்டு விட்டு, வயிற்றுப் பிழைப்புக்குப் பாட வந்த பெண்ணை ஆயிரம் பேர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். கமிட்டிக்காரர்களோ, பந்தலுக்குப் பின்னால் டீ குடித்துக் கொண்டிருந்தார்கள்.

- ஒரு வாசகி, புதுப்பட்டினம்.