தோளில் பட்டவர் செத்தார், முகத்தில் பட்டவர் பிழைத்தார்

மாயாஜாலப் போர்ப் படங்களில் அம்புக்கென்று ஒரு சட்டம் உண்டு. எங்கே தைத்தது என்பது கணக்கில்லை, யார் மேல் தைத்தது என்பதே கணக்கு. பெயரில்லாத சிப்பாய் என்றால் எங்கே பட்டாலும் போதும். ஓர் அலறலோடு மதிலிலிருந்து தலைகுப்புற விழுந்து, தரையைத் தொடும் முன்பே செத்திருப்பான். கதாநாயகனோ தோளில் தைத்த அம்பை ஒடித்து எறிந்துவிட்டு அடுத்த ஆளை வெட்டப் போய்விடுவார். ஹாலிவுட்டின் வில்லாளி லெகோலாஸ் தொடங்கி நம் ‘பாகுபலி’ வரை ஏறக்குறைய இதுதான் நடைமுறை.

இந்தச் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட இரண்டு ராஜாக்களின் நினைவுச் சின்னங்கள் லண்டனில் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன.

நாடாளுமன்ற வளாகத்தில், குதிரை மேல் வாளை உயர்த்தியபடி இருப்பவர் ‘சிங்க இதய’ ரிச்சர்டு. சிற்பி மாரோக்கெட்டி வடித்த வெண்கலச் சிலை. சிலுவைப்போரில் சாகாத இந்த ஆள், 1199 மார்ச் கடைசியில் பிரான்சின் சாலூ என்ற சிறு கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, உடற்கவசம் போடாமல் மாலையில் உலா வந்தார். மதிலிலிருந்து வந்த குறுக்குவில் அம்பு தோளில் தைத்தது. சினிமா கதாநாயகன் செய்வதைத்தான் அவரும் செய்தார் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள்: பிடித்து இழுத்தார். தண்டு ஒடிந்து வந்தது, முனை உள்ளேயே தங்கிவிட்டது. மருத்துவர் சதையைக் குடைந்து ஒருவழியாக முனையை எடுத்தார். அதற்குள் புண் அழுகத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 6ஆம் தேதி, 41 வயதில் ரிச்சர்டு இறந்தார். தோள் காயம்தான்.

இன்னொருவர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் உறங்கும் ஐந்தாம் ஹென்றி. 1403 ஜூலை 21, ஷ்ரூஸ்பரி போர். அப்போது அவர் 16 வயது இளவரசர். மூக்கின் பக்கவாட்டில் நுழைந்த அம்பு, ஆறு அங்குலம் உள்ளே போய் மண்டையோட்டின் பின்பக்க எலும்பில் குத்தி நின்றது. தண்டைப் பிடுங்கியாயிற்று, முனை வரவில்லை. எந்தப் படத்திலும் இந்தக் காட்சிக்கு அடுத்த காட்சி சிதைதான். அவரைக் கொண்டுபோன கெனில்வர்த் கோட்டைக்குக் கஷாயங்களோடு வந்த வைத்தியர்களும் தோற்ற பிறகு, லண்டனில் தொழில் செய்துவந்த ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் வந்தார்.

தான் செய்ததை அவரே லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சுவடி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. முதலில் அவர் முனையைத் தேடிக் குடையவில்லை. காயத்தின் வாயை அகலமாக்கினார். எல்டர் மரத்தின் உட்சோற்றைக் காயவைத்து, துணி சுற்றித் தைத்து, ரோஜாத் தேனில் தோய்த்த திரிகளை, சிறியது போய்ப் பெரியது என்று வரிசையாக உள்ளே செலுத்தினார். பிறகு இதற்கென்றே வடிவமைத்த இடுக்கி. அம்பின் பருமனில், உள்ளே குடைவாக, நடுவில் திருகாணியோடு. அம்பு போன அதே கோணத்தில் அதை இறக்கி, முனையின் குழிக்குள் பொருத்தி, திருகி, இப்படியும் அப்படியும் அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். வெள்ளை ஒயினைப் பீச்சிக் கழுவினார். பார்லி, மாவு, தேன், டர்பன்டைன் கலந்த களிம்பில் நனைத்த திரிகளை வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை திரியின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். 20 நாளில் புண் சுத்தமானது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பையன்தான் அஜின்கோர்ட் போரில் வென்றான். தேசிய உருவப்பட அரங்கில் இருக்கும் ஓவியத்தில் தழும்பு இல்லையே என்றால், அதை வரைந்தது அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

அம்பு கொல்லும் விதம் தோட்டாவுடையது அல்ல. அது அறுத்துக்கொண்டு போகும். ஆள் சாவது பெரும்பாலும் ரத்தம் போய்த்தான். இதயத்திலேயே பட்டாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் சில நொடிகள் நினைவு இருக்கும், ஓடக்கூட முடியும். நுரையீரலில் பட்டால் மார்புக்குள் காற்றும் ரத்தமும் புகுந்து மூச்சு திணறும். வயிற்றில் பட்டால் குடல் கிழிந்து, நாள் கணக்கில் வேதனை. தைத்த இடத்திலேயே பொத்தென்று விழ வேண்டுமானால் மூளைத் தண்டிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட வேண்டும். எல்லாச் சிப்பாய்க்கும் அங்கேயே படுவதாக வைத்துக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

ஆகவே, ‘கர்ணன்’ (1964) படத்தில் மார்பில் அம்போடு சாய்ந்து கிடந்து சிவாஜி அவ்வளவு நேரம் பேசியதைக் கேலி செய்பவர்கள் சற்று யோசிக்கலாம். அந்தப் பேச்சு, ஹாலிவுட் சிப்பாயின் அரை நொடி மரணத்தைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்பனின் வாலி இன்னும் துல்லியம். மார்பில் பாய்ந்த அம்பைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டுதான் இராமனோடு அத்தனை வாதாடுகிறான். உயிர் போய்ப் பிடி தளர்ந்த பிறகே அம்பு ஊடுருவிப் போகிறது. தைத்த பொருளைப் பிடுங்காதே, அதுவே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம் என்று இன்றைய முதலுதவி வகுப்பில் சொல்லிக் கொடுப்பதும் இதையேதான். புறநானூற்றிலும் போர்க்காயம் பட்டவன் உடனே செத்துவிடுவதில்லை. வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு புகைத்து, காஞ்சிப் பண் பாடிக் காவல் இருக்கிறார்கள்.

கவசத்தின் கதையும் படத்தில் சொல்வதுபோல் இல்லை. 2019இல் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனின் ஆயுதப் பிரிவுக் காப்பாளராக இருந்த டோபி கேப்வெல்லும் டாட் என்ற ஆயுதக் கைவினைஞரும் நண்பர்களும் சேர்ந்து, 160 பவுண்டு இழுவிசை கொண்ட நெடுவில்லால், அஜின்கோர்ட் காலத்து மாதிரியில் செய்த மார்புத் தகட்டின் மேல் எய்து பார்த்தார்கள். நடுவில் வெறும் 2.5 மில்லிமீட்டர் கனம். அம்புகள் சிதறித் தெறித்தன, தகடு ஓட்டையாகவில்லை. அதற்குக் கீழே சங்கிலி வலையில் பட்ட அம்பு மட்டும் உள்ளே போனது. திரையிலோ இரும்புச் சட்டை போட்டவன்தான் முதலில் விழுகிறான்.

இயக்குநர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ‘ஃபெல்லோஷிப் ஆஃப் தி ரிங்’ (2001) படத்தில் போரோமிர் ஒவ்வோர் அம்பாக வாங்கி, எழுந்து, மறுபடி வெட்டி, கடைசியில் பேசிவிட்டுச் சாகிறான்; மனம் வைத்தால் எடுக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் வசூல் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. பிரிட்டனில் படங்களுக்கு வயதுச் சான்று தருவது லண்டனில் இருக்கும் பிபிஎஃப்சி. பன்னிரண்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையையும் பெரியவர் கூட்டிப் போகக்கூடிய 12ஏ சான்றுக்கு, சண்டை இருக்கலாம். காயத்தையும் ரத்தத்தையும் அழுத்திக் காட்டக்கூடாது. ஆயிரம் பேர் சத்தமில்லாமல் சட்டென்று செத்தால் 12ஏ கிடைத்துவிடும். ஒரே ஒருவர் பத்து நாளுக்கு மேல் தோள் அழுகிச் செத்தால் கிடைப்பது கஷ்டம்.