கருஞ்சீரகமும் புற்றுநோயும்: நபிமொழியை விளங்கும் முறை

மரணத்தைத் தவிர ஏனைய எல்லா நோய்களுக்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்னும் கருத்துடைய நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாக இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் பதிவு செய்துள்ளார்கள். இதனைச் சான்றாகக் காட்டி, புற்றுநோய்க்கு மருத்துவர் வேண்டாம், கருஞ்சீரக எண்ணெயே போதும் என்று கூறுவோர் நம்மிடையே உள்ளனர். உயிர் தொடர்பான இக்கூற்றை ஆய்வின் துணைகொண்டும் ஹதீஸ் விளக்கத்தின் துணைகொண்டும் எடைபோடுவது நம் கடமையாகும்.

கருஞ்சீரக எண்ணெயின் முக்கிய வேதிப்பொருள் 'தைமோகுயினோன்'. எகிப்தியக் கருஞ்சீரகத்திலிருந்து இது 1963ஆம் ஆண்டளவில் பிரித்தெடுக்கப்பட்டது. சோதனைக்கூடத்தில் வளர்க்கப்படும் புற்று உயிரணுக்களின் பெருக்கத்தை இது தடுப்பதையும், அவை தாமே மடியுமாறு தூண்டுவதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், கண்ணாடிக் கிண்ணம் வேறு; மனித உடல் வேறு. இப்பொருள் நீரில் எளிதில் கரைவதில்லை. உட்கொண்டாலும் சிறிதளவே இரத்தத்தைச் சென்றடைகிறது. சவூதி அரேபியாவில் முற்றிய புற்றுநோயாளிகள் 21 பேருக்கு இதனைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. பெரிய பக்கவிளைவுகள் தோன்றவில்லை. எனினும் நோய் தணிந்ததாகவும் காணப்படவில்லை. மாறாக, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்பட்ட வின்கிறிஸ்டின் மனிதரிடத்துச் சோதிக்கப்பட்டுத் தேறி, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றளவும் பயன்படுகிறது. தாவரப்பொருள் மருந்தாக உயரும் வழி இதுவே.

அவ்வாறாயின் நபிமொழியின் பொருள் யாது? 'எல்லா நோய்' என்பது பொதுச்சொல்லாயினும் குறிப்பிட்ட நோய்களையே கருதுகிறது என்றார் இமாம் கத்தாபீ (ரஹ்). எல்லா நோய்களுக்கும் எதிரான இயல்புகள் அனைத்தும் ஒரே தாவரத்தில் ஒருங்கே அமைவதில்லை என்பது அவர் கூறிய காரணம். ஆது கூட்டத்தார்மீது வீசிய காற்று எல்லாவற்றையும் அழித்ததாகக் குர்ஆன் (46:25) கூறுவதை இப்னுல் கய்யிம் (ரஹ்) இதற்கு எடுத்துக்காட்டுகிறார். அழியும் தன்மையுடைய எல்லாம் என்பதே அங்குப் பொருள். அவர்களது வீடுகள் எஞ்சியிருந்ததை அதே வசனம் கூறுகிறது. பொதுப்பொருளிலேயே கொண்ட அறிஞர்களும் உண்டு. எப்பொருளைக் கொண்டாலும், ஏனைய மருத்துவத்தைக் கைவிடுமாறு அந்நபிமொழி பணிக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள்.

எனவே கருஞ்சீரகத்தை உணவாகக் கொள்வோம்; நோயுற்றவர் அதன் எண்ணெயையோ மாத்திரையையோ உட்கொள்ள விரும்பினால், சிகிச்சை மருந்துகளோடு அது முரண்படாதா என்பதை மருத்துவரிடம் கேட்டறியட்டும். நபிமொழியின் கண்ணியம் நம் மிகைக்கூற்றால் உயர்வதில்லை. அதன் பெயரால் ஒருவர் சிகிச்சையைத் துறந்து உயிரிழந்தால், அப்பழி நம் விளக்கத்தையே சேரும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.