தூத்துக்குடி ஆலைப் புகையும் இரண்டு மாணவர்களும்

என் அக்கா மகன் சென்ற மாதம் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். இன்டர்நெட் இணைப்பு கிடைத்த அன்று இரவே எனக்கு போன் செய்தான். "மாமா, சிஸ்டம் வந்தாச்சு. இதை வச்சு ஒரு ஸ்டார்ட் அப் ஆரம்பிக்கப் போறேன். கிளைமேட் டெக்னாலஜிக்குத்தான் இப்ப மதிப்பாம். எப்படி மாமா ஆரம்பிக்கிறது?" என்றான்.

அவன் இருப்பது தூத்துக்குடியில். எனவே அவன் ஊரில் நடந்த ஒரு கதையையே சொன்னேன். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது என்பதால் இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். புதிய யோசனை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வேகமாக வளரும் நோக்கத்துடன் தொடங்கப்படும் சிறிய நிறுவனம்தான் ஸ்டார்ட் அப். பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்க உதவும் கருவி, ரசாயனம், சாப்ட்வேர் எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர் கிளைமேட் டெக்னாலஜி. அந்த வாயுக்களில் முக்கியமானது கார்பன் டை ஆக்ஸைடு. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எதை எரித்தாலும் இது வெளியேறும். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து புகை வருவதில்லை. ஆனால் அதற்கு மின்சாரம் தரும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியில் உங்கள் பங்கும் இருக்கிறது.

அந்தப் பங்கு எவ்வளவு? எக்ஸெல் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம், அது இலவசம். முதல் செல்லில் 150 என டைப் செய்திடுங்கள். மானிட்டருடன் சேர்ந்து ஒரு டெஸ்க்டாப் இழுக்கும் வாட்ஸ் என்று இதை வைத்துக்கொள்வோம். (லேப்டாப் என்றால் இதில் பாதி கூட வராது.) அதன் கீழ் 6. இது ஒரு நாளில் பயன்படுத்தும் மணி நேரம். மூன்றாவது செல்லில் சமக்குறி போட்டு, முதல் இரண்டு செல்களையும் பெருக்கி 1000ஆல் வகுக்கும்படி பார்முலா அமைத்திடுங்கள். 0.9 எனக் கிடைக்கும். நாளொன்றுக்கு 0.9 யூனிட். இதை 365ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 328.5 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்குகள் இந்த அளவை ஒட்டியே இருக்கின்றன. அதையும் பெருக்குங்கள். ஏறத்தாழ 230 கிலோ வரும். இந்த ஃபைலை சேவ் செய்து வையுங்கள். மீண்டும் தேவைப்படும்.

இனி கதைக்கு வருவோம். ஆண்டு 2009. அனிருத்தா சர்மா, பிரதீக் பம்ப் என்ற இரண்டு இளைஞர்கள் காரக்பூர் ஐஐடியில் மாணவர்களாக இருந்தனர். அங்கே அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் கார்பன் கிளீன். ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை மட்டும் பிரித்தெடுக்கும் வேலை. இந்த யோசனை அவர்களுடையது அல்ல. அமைன் எனப்படும் ரசாயனக் கரைசலைக் கொண்டு இந்த வாயுவைப் பிடிக்கும் முறைக்கு 1930லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். பிறகு இவர்கள் என்ன செய்தார்கள்?

இங்கே சற்று ரசாயனம் பேச வேண்டியுள்ளது. நிலக்கரிப் புகையில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்குதான் கார்பன் டை ஆக்ஸைடு. பெரும்பகுதி நைட்ரஜன். இந்தப் புகையைக் குளிர்வித்து, உயரமான ஒரு கோபுரத்தின் அடியில் விடுவார்கள். மேலிருந்து அமைன் கரைசல் மழை போல் இறங்கும். சுமார் 40 டிகிரி வெப்பத்தில் அது கார்பன் டை ஆக்ஸைடைப் பற்றிக்கொள்ளும். மற்றவை மேலே போய்விடும். வாயுவைச் சுமந்த கரைசலை இன்னொரு கோபுரத்திற்குக் கொண்டுபோய் 120 டிகிரி வரை சூடேற்றினால் வாயு தனியே கழன்றுகொள்ளும். கரைசல் மீண்டும் முதல் கோபுரத்திற்குத் திரும்பும். ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுத்து, வேறு பாத்திரத்தில் பிழிந்துவிட்டு, மறுபடியும் ஒற்றுவது போலத்தான்.

பிழிவதில்தான் செலவு. இரவு பகலாகக் கரைசலைச் சூடேற்றிக்கொண்டே இருக்க நீராவி வேண்டும். நீராவிக்கு எரிபொருள் வேண்டும். போதாக்குறைக்கு, பழைய அமைன் கரைசல் இரும்புக் குழாய்களை அரித்துவிடும். கார்பன் கிளீன் உருவாக்கியது, குறைந்த வெப்பத்தில் வேலை முடிக்கும், குழாய்களை அவ்வளவாக அரிக்காத புதிய கரைசல். ஒரு டன் வாயுவைப் பிடிக்க மற்றவர்களுக்கு 60 முதல் 90 டாலர் வரை ஆகும் என்றும், தங்களுக்கு 30 டாலர் போதும் என்றும் அவர்கள் கூறினார்கள். இது அந்த நிறுவனமே சொன்ன கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்ட்வேர் தொழிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. புரோகிராம் எழுதுகிறவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து பீட்டா வெர்ஷனை உருவாக்கி, நெட்டில் போட்டுவிடலாம். பிழை இருந்தால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். புகையைப் பிடிக்கும் தொழிலில் அது நடக்காது. கோபுரத்தின் உயரம், கரைசலின் வேகம், நீராவியின் அளவு என எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் சிமுலேஷன் சாப்ட்வேர்கள் இத்துறையில் உண்டு. ஆனால் கடைசியில் யாராவது ஒருவர் தன் ஆலையின் உண்மையான புகைபோக்கியைக் கொடுக்க வேண்டும். ஐஐடி மாணவர்கள் வந்து கேட்டார்கள் என்பதற்காக எந்த முதலாளி தருவார்? அதற்கு முன் கோடிக்கணக்கில் பணம் போடவும் ஆள் வேண்டும்.

இந்தியாவில் அந்தப் பணம் கிடைக்கவில்லை. 2012ல் பிரிட்டிஷ் அரசின் எரிசக்தித் துறை மானியம் கொடுத்தது. தொழில்முனைவோருக்கான சிறப்பு அனுமதியும் கிடைத்தது. நிறுவனம் லண்டனுக்குப் போய்விட்டது. காரக்பூரில் முளைத்தது அங்கே போய் வேர்விட வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆனால் அவர்களுக்குப் பெரிய வாய்ப்பு கிடைத்த இடம் லண்டன் அல்ல, தூத்துக்குடி. அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை சோடா ஆஷ் தயாரிப்பது. கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் பயன்படும் பொருள். இதைத் தயாரிக்க உப்பு, அம்மோனியா, கார்பன் டை ஆக்ஸைடு மூன்றும் தேவை. உப்புக்குத் தூத்துக்குடியில் என்ன பஞ்சம்? கார்பன் டை ஆக்ஸைடுதான் தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஆலையின் நிலக்கரி பாய்லரோ அதே வாயுவை வானத்தில் விட்டுக்கொண்டிருந்தது. 2016ல் அந்தப் புகைபோக்கியில் கார்பன் கிளீன் கரைசல் பொருத்தப்பட்டது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது திட்டம். அரசு மானியம் எதுவும் இல்லாமல் இது நடந்ததுதான் 2017 ஜனவரியில் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் செய்தியானது. ஆலையின் நிர்வாக இயக்குநர் பிபிசியிடம் ஒளிக்காமலே சொன்னார்: உலகைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் தனக்கு இல்லை, தொழிலுக்கு வாயு வேண்டியிருந்தது, இதுதான் நல்ல வழியாகப் பட்டது என்று.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. தானும் உலகைக் காப்பாற்றப் போவதாக அவர் மேடைப் பேச்சு பேசியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இப்போது சேவ் செய்த எக்ஸெல் ஃபைலைத் திறங்கள். 60,000 டன் என்பது 6 கோடி கிலோ. அதை 230ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 2,60,000 வரும். நாம் கணக்கிட்டது போன்ற இத்தனை டெஸ்க்டாப்கள் ஓராண்டு ஓடுவதால் வெளியாகும் வாயு அது. பெரிய எண்தான். அடுத்த கணக்கையும் போட்டால்தான் நியாயம். இந்தியா ஆண்டுதோறும் வெளியிடுவது சுமார் 300 கோடி டன். அதை 60,000ஆல் வகுத்தால் 50,000. அதாவது இது போல் ஐம்பதாயிரம் ஆலைகள் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோடா ஆஷை மணலுடன் உருக்கிக் கண்ணாடி செய்யும்போது, அதில் அடைபட்டிருந்த கார்பன் டை ஆக்ஸைடு மீண்டும் வெளியேறிவிடும். அப்படியானால் பயன் என்ன என்று அக்கா மகனும் உடனே கேட்டான். சோடா ஆஷ் ஆலைகள் வழக்கமாகச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு இந்த வாயுவைப் புதிதாக உண்டாக்குகின்றன. ஏற்கெனவே வீணாகிற புகையிலிருந்து எடுத்தால் அந்த அளவுக்கு மிச்சம். ஆனால் வாயுவை நிலத்தடியில் நிரந்தரமாகப் புதைப்பதற்கு இது ஈடாகாது. செய்திகளில் இந்த வேறுபாட்டைப் பலர் எழுதவில்லை.

பின்னர் 2021ல் டாடா ஸ்டீல் தன் ஜாம்ஷெட்பூர் ஆலையில் இவர்களுடைய தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 5 டன் பிடிக்கும் அமைப்பை நிறுவியது. அதே ஆண்டில் கார்பன் கிளீன், உயர்ந்த கோபுரத்திற்குப் பதிலாகச் சுழலும் டிரம் கொண்ட சிறிய கருவியை அறிவித்தது. வாஷிங் மெஷின் துணியைச் சுழற்றிப் பிழிவது நினைவிருக்கிறதா? அந்தச் சுழற்சியில் கரைசல் மெல்லிய படலமாகப் பரவி வாயுவைச் சீக்கிரம் பிடிக்கிறது. அதனால் இடம் குறைவாகப் போதும். 2022ல் செவ்ரான் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் தலைமையில் 15 கோடி டாலர் முதலீடு வந்தது. எண்ணெய் விற்பவர் ஏன் இதில் பணம் போடுகிறார் என்பதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா மகன் போனை வைத்துவிட்டான். கோபமோ என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு எக்ஸெல் ஃபைல் மெயிலில் வந்தது. உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டார்களைச் சூரிய ஒளியில் ஓட்டினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தான். ஒரு மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்ற செல் மட்டும் காலியாக இருந்தது. நெட்டில் தேடியும் சரியான விடை இல்லையாம். நாளை காலை உப்பளத்திற்கே போய் அங்குள்ள அண்ணாச்சியிடம் கேட்டு வருவதாக எழுதியிருந்தான்.