வளரிளம் பருவத்தினரின் போதைப்பொருள் பயன்பாடும் நடத்தைச் சிக்கல்களும்: குழுச் சிகிச்சையும் குடும்பம்சார் சிகிச்சையும்

ஆய்வுச் சுருக்கம்

போதைப்பொருள் பயன்பாடும் நடத்தைச் சிக்கலும் ஒருங்கே உடைய வளரிளம் பருவத்தினரைக் குழுவாகத் திரட்டிச் சீர்திருத்த முயல்வது சில சூழல்களில் தீங்காக முடிவதை அமெரிக்க ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. அதற்கு மாற்றாக அமையும் குடும்பம்சார் சிகிச்சைகளின் இயங்குமுறையையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வளரிளம் பருவம், போதைப்பொருள், நடத்தைச் சிக்கல், குழுச் சிகிச்சை, குடும்பச் சிகிச்சை.

முன்னுரை

களவு, வன்முறை, பள்ளிக்குச் செல்லாமை முதலிய நடத்தைச் சிக்கல்களும் போதைப்பொருள் பயன்பாடும் வளரிளம் பருவத்தில் பல நேரங்களில் இணைந்தே காணப்படுகின்றன. பெற்றோர் கண்காணிப்பின் குறைவு, பள்ளியினின்று விலகல், பிறழ்நடத்தையுடைய நண்பர்களின் சேர்க்கை ஆகியன இரண்டிற்கும் பொதுவான காரணிகளாகும். ஒத்த சிக்கலுடைய பலரை ஓரிடத்தில் கூட்டிச் சிகிச்சையளிப்பது எளிது, செலவும் குறைவு. எனினும், அதன் விளைவு எப்போதும் நன்மையாக அமைவதில்லை.

குழுவின் எதிர்விளைவு

தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், ஃபிரான்சுவா பூலான் ஆகியோர் 1999இல் வெளியிட்ட கட்டுரை இத்தகைய தீங்கை எடுத்துக்காட்டியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939 முதல் 1945 வரை நடைபெற்ற கேம்பிரிட்ஜ்–சோமர்வில் திட்டத்தில் சிறுவர்களுக்கு ஆலோசனையும் உதவியும் வழங்கப்பட்டன. பல்லாண்டுகளுக்குப் பின் மெக்கார்ட் அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, கோடைக்கால முகாம்களுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டோரிடம் தீய விளைவுகள் மிகுந்திருந்தன. ஒரேகான் மாநிலத்தில் நிகழ்ந்த மற்றோர் ஆய்விலும் இளையோர் குழுக்களில் பங்கேற்றவர்களிடையே புகையிலைப் பயன்பாடு மிகுந்தது.

இதன் காரணத்தை டிஷியன் குழுவினர் உரையாடல்களில் கண்டனர். சிறுவர்கள் தம் நண்பர்களுடன் பேசுவதை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, விதிமீறல் பற்றிய பேச்சுக்கு நண்பர்களின் சிரிப்பே பரிசாக அமைவது புலனாயிற்று. இது ‘பிறழ்வுப் பயிற்சி’ எனப்பட்டது.

குடும்பம்சார் சிகிச்சைகள்

1970களில் யூட்டாவில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் உருவாக்கிய செயல்பாட்டுக் குடும்பச் சிகிச்சை, குடும்பத்தினர் ஒருவரையொருவர் பழிக்கும் போக்கைத் தணித்த பின்னரே நடத்தை மாற்றத்திற்குச் செல்கிறது. ஹோவர்ட் லிடிலின் பல்பரிமாணக் குடும்பச் சிகிச்சை இளையவர், பெற்றோர், குடும்பம், புறச்சூழல் என்னும் நான்கு தளங்களில் இயங்குகிறது.

ஸ்காட் ஹெங்கெலர் வகுத்த பன்முறைமைச் சிகிச்சை இவற்றினும் செறிவானது. சிகிச்சையாளர் ஒருவர் நான்கு முதல் ஆறு குடும்பங்களை மட்டுமே ஏற்பார். அவர்களின் இல்லத்திற்கே சென்று மூன்று முதல் ஐந்து மாதங்கள் பணியாற்றுவார். மகன் மாலையில் எங்கு, யாருடன் இருக்கிறான் என்பதைத் தாய் அறிதல், பள்ளியுடன் தொடர்பு கொள்ளுதல், தீய சேர்க்கைக்கு மாற்றாக வேறு ஈடுபாடுகளை அமைத்தல் ஆகியவற்றில் பெற்றோருக்குத் துணைநிற்பார். சிகிச்சையாளர் விலகிய பின்னும் மாற்றத்தைத் தொடர்ந்து காக்க வேண்டியவர் பெற்றோரே என்பது இதன் அடிப்படை.

வரம்புகள்

இம்முறைகளும் எங்கும் ஒரே பயனைத் தருவதில்லை. இங்கிலாந்தில் 684 குடும்பங்களிடம் பீட்டர் ஃபோனகி குழுவினர் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, பன்முறைமைச் சிகிச்சை வழக்கமான சேவைகளைவிட மேம்பட்டதாகக் காட்டவில்லை. வழக்கமான சேவையின் தரத்தைப் பொறுத்தே ஒரு புதிய முறையின் கூடுதல் பயன் வெளிப்படும் என்பதை இது நினைவூட்டுகிறது. மறுபுறம், கஞ்சா பயன்படுத்திய 600 இளையோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வில், குழுமுறை உள்ளிட்ட ஐந்து சிகிச்சைகளும் முன்னேற்றம் தந்தன. எனவே குழு என்பதே தீங்கு எனக் கொள்வது பொருந்தாது.

முடிவுரை

குழுவில் யார் யார் சேர்க்கப்படுகின்றனர், அங்கு எப்பேச்சுக்குப் பாராட்டு கிடைக்கிறது என்பவையே விளைவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இளையோரை ஒன்றுதிரட்டும் எந்தத் திட்டமும், நன்மையை அளவிடுவதுபோலத் தீங்கையும் அளவிட வேண்டும். நல்லெண்ணத்துடன் தொடங்கப்பட்டது என்பது பாதுகாப்பிற்குச் சான்றாகாது.