ஆயர் இல்லாத பேராலயம்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கதை ஒரு மீனிலிருந்து தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரச் சின்னத்தில் ஒரு மரம், ஒரு பறவை, ஒரு மணி, வாயில் மோதிரத்தோடு ஒரு சால்மன் மீன் எல்லாம் இருக்கும். 1866இல் முறைப்படி வழங்கப்பட்ட சின்னம் அது. நான்கும் ஒரே மனிதரைச் சுற்றி வந்தவை: 6ஆம் நூற்றாண்டில் அங்கே ஆயராக இருந்த கென்டிகர்ன். ஊர்க்காரர்களுக்கு அவர் முங்கோ, அது செல்லப்பெயர்.

மீன் கதை இதுதான். அரசர் கொடுத்த மோதிரத்தை அரசி ஒரு வீரனுக்குக் கொடுத்துவிட்டாள். அரசர் அதைத் தந்திரமாக எடுத்து கிளைடு ஆற்றில் வீசிவிட்டு, "என் மோதிரம் எங்கே?" என்று அவளிடமே கேட்டார். உயிருக்குப் பயந்த அரசி முங்கோவுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் ஒரு துறவியை ஆற்றுக்கு அனுப்பி, முதலில் பிடிபடும் மீனைக் கொண்டுவரச் சொன்னார். சகுந்தலை கதை தெரிந்த நமக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை விரிவாக எழுதிவைத்தவர் ஃபர்னெஸ் மடத்துத் துறவி ஜோசலின். எழுதச் சொன்ன கிளாஸ்கோ ஆயரின் பெயரும் ஜோசலின்தான்! எழுதியது 12ஆம் நூற்றாண்டின் கடைசியில், அதாவது முங்கோ இறந்து 500 ஆண்டுகளுக்கு மேல் ஆனபிறகு. அந்த ஆயர் அப்போது கிளாஸ்கோ பேராலயத்தைப் பெரிதாக எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டடத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு யாத்ரிகர் வேண்டும், யாத்ரிகர் வர அற்புதம் வேண்டும். கதை பிறந்த வழி இதுவல்ல. ஏட்டில் ஏறிய வழி இதுதான் என்பது என் கணிப்பு.

பேராலயத்துக்கு வருவோம். 1136இல் அரசர் முதலாம் டேவிட் முன்னிலையில் ஒரு முறை, 1197இல் மறுபடி ஒரு முறை அர்ச்சிப்பு நடந்தது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுந்தது. கட்டியவர்களுக்கு ஒரு சங்கடம்: முங்கோவின் கல்லறை இருந்த இடம் மொலெண்டினார் ஓடையை நோக்கிச் சரியும் மேட்டில். கல்லறையை நகர்த்த முடியாது, மேலே தரை சமமாக வேண்டும். ஆகவே கிழக்குப் பக்கம் சரிவுக்குள் இன்னொரு கோயிலையே கட்டி, அதன் மேல் பலிபீடப் பகுதியை நிறுத்தினார்கள். படியிறங்கிப் போனால் தூண்கள் காடாக நிற்கும். நடுவில் நான்கு தூண்களுக்கிடையே, பூவேலைத் துணி போர்த்திய கல்லறை. மேலே இருக்கும் கம்பீரத்தைவிட இந்தக் கீழ்க்கோயில்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஸ்காட்லாந்தோடு போரிட வந்த இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டே 1301இல் முங்கோவுக்குக் காணிக்கை வைத்துவிட்டுப் போனார்.

1560இல் ஸ்காட்லாந்து போப்பின் அதிகாரத்தை உதறியது. புனிதர் வணக்கம், திருப்பண்டம், யாத்திரை எல்லாம் போயின. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் இடிந்தே போயிற்று; இன்று சுவர்கள்தான் மிச்சம். கிளாஸ்கோவிலும் இடிக்க ஆட்கள் வந்தபோது கைவினைத் தொழிலாளர் சங்கத்தார் ஆயுதத்தோடு நின்று தடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நின்றிருக்கலாம். ஆனால் கட்டடம் பிழைத்ததற்கு இன்னும் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: ஜனங்கள் அதை விடாமல் பயன்படுத்தினார்கள். உள்ளே சுவர் எழுப்பி மூன்று சபைகள் பங்குபோட்டுக்கொண்டன. நடுக்கூடம் ஒன்றுக்கு, பலிபீடப் பகுதி ஒன்றுக்கு, கல்லறை இருந்த கீழ்க்கோயில் மூன்றாவதுக்கு. ஆராதனை நடக்கிற இடத்தில் கூரை ஒழுகினால் யாராவது ஏறி அடைப்பார்கள். வால்டர் ஸ்காட் 'ராப் ராய்' நாவலில் ஒரு காட்சியை அந்தக் கீழ்க்கோயில் ஆராதனையிலேயே வைத்திருக்கிறார்.

1690இல் ஸ்காட்லாந்து சபை ஆயர் பதவியையே ஒழித்தது. மூப்பர்கள் நடத்தும் பிரஸ்பிட்டேரியன் சபை அது. நம் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் 1821இல் திறக்கப்பட்டது அந்தச் சபைக்காகத்தான். ஆக, கிளாஸ்கோ பேராலயத்துக்கு ஆயர் இல்லை, பேராலயம் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. புனிதர்களிடம் வேண்டாத சபை ஒரு புனிதரின் கல்லறையைப் பெருக்கித் துடைத்துக் காத்துவருகிறது. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. அவர் அவர்களுக்கு ஊர்ப் பெரியவர்.

முங்கோவின் திருநாள் ஜனவரி 13. உங்கள் பிள்ளை யாராவது கிளாஸ்கோவில் படித்தால் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கீழ்க்கோயிலுக்கு இறங்காமல் மட்டும் திரும்ப வேண்டாம்.