பழைய படகு இயந்திரம் மீண்டும் வலுப்பெறுவது எப்படி?

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று விரலை எதிர்த்துத் தள்ளும். பலமுறை அழுத்தினால் பம்பின் அடிப்பாகம் சுடும். அழுத்தப்பட்ட காற்று வெப்பமடையும் என்னும் இவ்வுண்மையே டீசல் இயந்திரத்தின் அடிப்படையாகும். செர்மானிய அறிஞர் ருடால்ப் டீசல் 1897 ஆம் ஆண்டில் இதனை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார்.

பங்கோர், கோலசிலாங்கூர் போன்ற மீனவர் ஊர்களில் டீசல் இயந்திரம் பூட்டிய படகுகளைக் காணலாம். இயந்திரத்தின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது, காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வெப்பம் 500 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. அப்போது தெளிக்கப்படும் எண்ணெய் தானாகவே தீப்பற்றுகிறது. காற்று கசிந்தால் வெப்பமில்லை, வெப்பமில்லையேல் நெருப்பில்லை. இயந்திரம் கிளம்ப மறுக்கும், வெண்புகை கக்கும். நடுக்கடலில் இவ்வாறு நேர்ந்தால் படகிலுள்ளோர் உயிருக்கே ஆபத்தன்றோ?

காற்று கசியும் வழிகள் பெரும்பாலும் மூன்று. அவை பிஸ்டன் வளையங்கள், வால்வுகள், சிலிண்டர் தலையின் கேஸ்கட் என்பனவாம். இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிச் செவிமடுத்தல் வேண்டும். காற்று புகும் வழியிலோ புகைபோக்கியிலோ சீறல் ஒலி கேட்டால் குறை வால்வில் உள்ளது. எண்ணெய்த் தொட்டியின் மூச்சுக்குழாயில் காற்று வெளிப்பட்டால் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். இயந்திரம் ஓடும்போது குளிர்விக்கும் நீரில் குமிழிகள் எழுந்தால் கேஸ்கட்டை ஐயுற வேண்டும்.

செலவில்லாத வேலையை முதலில் செய்தல் அறிவுடைமை. வால்வின் இடைவெளி குறைந்திருந்தால் அது முழுமையாக மூடாது. அளந்து சரிசெய்தாலே சில வேளைகளில் வலு திரும்பிவிடும். வால்வின் வாய் கரடுமுரடாயிருப்பின், அரைக்கும் பசையைத் தடவி, சுற்றிலும் சீரான சாம்பல் நிற வளையம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

நெடுநாள் ஓடாத படகில் உப்புக் காற்றாலும் கரியாலும் வளையங்கள் ஒட்டிக்கொள்வதுண்டு. துருவிளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிடுதல் நலம். முரட்டுத்தனமாகச் சுழற்றினால் வளையங்கள் உடையும். ஊற்றிய எண்ணெயை முற்றிலும் வெளியேற்றாமல் இயந்திரத்தைக் கிளப்பலாகாது. காற்றைப்போல் எண்ணெய் சுருங்காது. ஆகையால் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடக்கூடும். வளையம் தேய்ந்திருந்தால் புதியது மாட்ட வேண்டும். சிலிண்டரே தேய்ந்திருந்தால் பட்டறையில் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். இறுதியாகப் புதிய கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் திருகாணிகளைப் படிப்படியாக இறுக்குவர்.

பெற்றோர்களே! உரிய காலத்தில் எண்ணெய் மாற்றி, காற்று வடிகட்டியைத் தூய்மை செய்து வந்தால் இத்தொல்லைகளுள் பல நேரா. பழையது என்று ஒன்றை எறியுமுன் அதன் குறை எங்குள்ளது என ஆராய்தல் வேண்டும். மாணவர்களே, காரணத்தைத் தேடிக் கண்டறியும் அப்பழக்கமே அறிவியலின் முதற்படி என்பதை உணர்வீர்களாக!