தேய்ந்த சிலிண்டரும் புதிய வளையமும்

டாடா நிறுவனமும் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனமும் 1954-ஆம் ஆண்டு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக ஜாம்ஷெட்பூரில் லாரிகள் உருவாகத் தொடங்கின. அவற்றில் பொருத்தப்பெற்ற ஓ.எம். 312 என்னும் டீசல் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் உண்டு. சிலிண்டரின் உள்விட்டம் 90 மி.மீ.; பிஸ்டனின் வீச்சு 120 மி.மீ. ஒப்பந்தம் 1969-இல் முடிவுற்றது. அக்காலத்து எஞ்சின் ஒன்றை, அம்பர்நாத் போன்றதொரு தொழில் நகரில், வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் புதுப்பிக்க முற்படுவோருக்கு இயல்பாக எழும் எண்ணம், பிஸ்டன் வளையங்களை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாம் என்பதே. அது எந்த அளவிற்குச் சரி?

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்று அமுக்கப்பட்டு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுவதாலேயே எரிபொருள் பற்றுகிறது. வளையத்தின் வழியே காற்று கசிந்தால் போதிய வெப்பம் பிறவாது. விடியற்காலையில் எஞ்சின் எளிதில் கிளம்பாது.

சிலிண்டர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல்முனையில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அங்கே வெப்பமும் அழுத்தமும் மிகுதி. எண்ணெய்ப் படலமோ மிக மெலிது. ஆகவே தேய்மானம் அவ்விடத்தில் மிகுந்து, வளையம் எட்டாத உச்சியில் ஒரு விளிம்பு எஞ்சி நிற்கும். பிஸ்டனை வெளியே தள்ளுமுன் இவ்விளிம்பை நீக்கவேண்டும். நீக்காமல் புது வளையம் இட்டால், அதன் கூரிய ஓரம் விளிம்பில் மோதி முறிதலும் உண்டு. இணைதண்டு பக்கவாட்டில் தள்ளுவதால் துளை நீள்வட்டமாகவும் ஆகிறது. இக்காரணத்தால் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று உயரங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளத்தல் வேண்டும். விரலால் தடவிப் பார்த்து முடிவு கூறுவோரும் உளர். அது வெறும் ஊகமே.

வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி விடுவது ஏன்? 90 மி.மீ. வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 283 மி.மீ. சிலிண்டரைவிட வளையம் 100 டிகிரி மிகுதியாகச் சூடேறினால், வார்ப்பிரும்பு ஏறக்குறைய 0.3 மி.மீ. நீளும். இடமில்லையேல் முனைகள் முட்டி வளையம் இறுகிவிடும். இனி, துளை 0.3 மி.மீ. தேய்ந்து விரிந்திருப்பதாகக் கொள்வோம். சுற்றளவு அதைப்போல் மூன்று மடங்கிற்கும் சற்று மிகுதியாக, அதாவது 0.94 மி.மீ. கூடும். இவ்வளவும் இடைவெளியாகத் திறக்கும். புதிய வளையமாயினும் கசிவைத் தடுக்க இயலாது. மேலே அகன்றும் கீழே குறுகியும் உள்ள துளையில் அது ஒவ்வொரு வீச்சிலும் விரிந்து சுருங்குவதால் விரைவில் தளர்ந்தும் போகும்.

அளவு வரம்பைக் கடந்தால் பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்பித் துளையைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களை இடுவதே வழி. இதை வீட்டில் செய்ய இயலாது. மற்றவற்றைச் செய்யலாம்: இணைதண்டுகளின் மூடிகள் இடம் மாறாதபடி எண் பொறித்தல், புது வளையத்தைத் துளையினுள் பிஸ்டனால் நேராகத் தள்ளி, பீலர் கேஜால் முனை இடைவெளியைச் சோதித்தல் முதலியன. கொங்கண மழைக்காலத்தில் கடைந்த துளை ஓரிரவிலேயே துருப்பிடிக்கும். பட்டறையிலிருந்து வந்தவுடன் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, துணி கறுக்காத வரையில் துடைத்து, எண்ணெய் பூசி மூடி வைக்கவேண்டும்.